கைக்குழந்தையோடு கடல் கடக்க எந்த வகுப்பு?

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் 27 ஆண்டுகளாக விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ போகிறவர்கள் தேதியைச் சொல்வார்கள், விலையைக் கேட்பார்கள், பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். அமெரிக்காவுக்கோ இலண்டனுக்கோ குழந்தையோடு போகிறவர்கள் மட்டும் எளிதில் எழுந்திருக்க மாட்டார்கள். "பிள்ளையை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் எகானமியில முடியுமா ஆச்சி? பிசினஸ்லயே போட்டுருவமா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிசினஸ் டிக்கெட் விற்றால் எனக்குக் கிடைப்பதும் கூடுதல்தான். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்லி வந்திருக்கிறேன். அதற்கான காரணத்தைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எந்த வகுப்பு என்ற கேள்வி நம் பகுதிக்குப் புதியதன்று. என் ஐயா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குப் போய் வந்தவர். அப்பத்தாவையும், அப்போது கைக்குழந்தையாக இருந்த என் அப்பச்சியையும் (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) அழைத்துப் போன தடவை, கையில் காசிருந்தும் அறை எடுக்காமல் டெக் டிக்கெட்டே எடுத்தாராம். அறைக்குள் அடைந்து கிடப்பதைவிட, தளத்தில் பாயை விரித்து, இரு பக்கமும் டிரங்குப் பெட்டிகளை நிறுத்தி மறைத்துக்கொண்டால் பிள்ளை தவழவும் இடமிருக்கும், அதன் தாய் காலை நீட்டவும் இடமிருக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. அப்பத்தா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கடல் காற்றில் தனக்குச் சளி பிடித்ததையும் சேர்த்தே சொல்லுவார்.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். பன்னாட்டுப் பயணத்தில் அதற்குப் பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடும் வரியும் வாங்குவார்கள். இந்த 10 விழுக்காடு, நாம் எந்த வகுப்பில் போகிறோமோ அந்த வகுப்பின் கட்டணத்திலிருந்து கணக்கிடப்படுவது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டு வயது நிறைந்துவிட்டால் தனி இருக்கை கட்டாயம்; அதற்குப் பல நிறுவனங்கள் பெரியவர் கட்டணத்தில் முக்கால் பங்கு வாங்குகின்றன, சில நிறுவனங்கள் முழுக் கட்டணமே வாங்குகின்றன. பிசினஸ் வகுப்பு பெரும்பாலும் எகானமியைப்போல மூன்று, நான்கு மடங்கு. கணக்குக்காக எகானமி ஒரு லட்சம், பிசினஸ் மூன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், தாயும் தகப்பனும் மடிக்குழந்தையோடு பிசினஸில் போக வரி நீங்கலாக 7 லட்சத்து 35 ஆயிரம் ஆகிறது. அதே குடும்பம் எகானமியில், குழந்தைக்கும் தனி இருக்கை வாங்கிக்கொண்டு, மூன்று இருக்கைகள் கொண்ட ஒரு வரிசை முழுவதையும் தனதாக்கிக்கொண்டு போனாலும் முழுக் கட்டணத்திலேயே 3 லட்சம்தான். ஐந்தொகை எழுதிப் பழகிய ஊரில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆனால், கூடுதலாகக் கொடுக்கும் அந்த நான்கு லட்சத்து முப்பத்தைந்தாயிரத்துக்கு எதை வாங்குகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

குழந்தை விமானத்தில் ஏன் அழுகிறது? விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதைப் போன்றது. ஏறக்குறையக் கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் பேருந்து இறங்கும்போது காது அடைப்பது போலத்தான் விமானம் இறங்கும்போதும் அடைக்கிறது. பெரியவர்கள் எச்சிலை விழுங்கிச் சரிசெய்துகொள்வோம். குழந்தைக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் பாலோ தண்ணீரோ கொடுத்து விழுங்க வைப்பதுதான் வழி. காற்று வறண்டிருக்கும், மூக்கு அடைத்துக்கொள்ளும், ஊரின் இரவும் போகும் இடத்தின் இரவும் பொருந்தாது. இவற்றில் எதுவும் முன் வகுப்பில் குறைவாகவும் பின் வகுப்பில் கூடுதலாகவும் இருப்பதில்லை. வகுப்பு மாறினால் மாறுவது இடம் ஒன்றுதான். ஆகவே அந்த இடம் நம் குழந்தையின் வயதுக்குப் பயன்படும் விதத்தில் அமைந்திருக்கிறதா என்பதே கேள்வி.

பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைக்குத் தொட்டில் இருக்கிறது. பாசினெட் என்று சொல்வார்கள். எதிரே சுவர் உள்ள முதல் வரிசையில், அந்தச் சுவரில் மாட்டித் தருவார்கள். அதில் தாங்கும் எடை நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். பெரும்பாலும் 10 முதல் 14 கிலோ வரை. ஆனால் எடையைவிட நீளமே முதலில் இடிக்கும். பத்து மாதத்துக்குமேல் பிள்ளை காலை மடக்கிக்கொண்டுதான் படுக்க வேண்டியிருக்கும். ஓர் ஆச்சி என்னிடம், அந்தச் சுவரில் கொக்கி உண்டா, தூளி கட்டிக்கொள்ளலாமா என்று மெய்யாகவே கேட்டார். கேள்வியில் பிழையில்லை, தூளியில் வளர்ந்த பிள்ளை ஆடாத தொட்டிலில் எளிதில் தூங்குவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியே காற்று குலுக்கி, இடுப்புப் பட்டை விளக்கு எரிந்துவிட்டால் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். இரவு மூன்று மணிக்கு, ஒரு மணிநேரம் தட்டித் தூங்க வைத்த குழந்தையை, மணி அடித்தது என்பதற்காகத் தூக்கி எழுப்பும் தாயின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அப்படியிருந்தும், ஆறேழு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எகானமியின் தொட்டில் வரிசையே போதுமென்பது என் எண்ணம். திருச்சியிலிருந்து புறப்படும் ஒற்றை நடைவழி விமானங்களில் பெரும்பாலும் தொட்டில் இருக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டில் கொள்ளாத, ஆனால் இரண்டு வயது நிறையாத பருவம்தான் எல்லாவற்றிலும் கடினம். இந்த வயதில்தான், நானும் ஒருமுறை ஆசைப்பட்டு, என் பேத்தியை மடி டிக்கெட்டில் பிசினஸ் வகுப்பில் அழைத்து வந்தேன். அவளுக்கு அப்போது 14 மாதம். உள்ளே நுழைந்ததும் பெருமையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு இருக்கையும் ஒரு சின்ன அறைபோல, மூன்று பக்கமும் மறைப்போடு இருந்தது. என் மகள் நடைவழிக்கு அப்பால் இன்னொரு மறைப்புக்குள் இருந்தாள். எழுந்து நின்று எட்டிப் பார்த்தால்தான் ஒருவரையொருவர் காண முடிந்தது. இருக்கையின் இடுப்புப் பட்டையில் காற்றுப்பை வைத்துத் தைத்திருந்தார்கள். மடியில் குழந்தை இருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று பணிப்பெண் வந்து வேறு பட்டை தேடிக் கொடுத்தாள். சாப்பாடு முடிந்து இருக்கையைப் படுக்கையாக்கினேன். தோள் இருக்கும் இடத்தில் அகலமாகவும், கால் இருக்கும் இடத்தில் முன் இருக்கைக்கு அடியில் நுழையும் பொந்தாகவும் இருந்தது அது. ஒருவருக்கு அளவெடுத்துச் செய்த படுக்கையில் இருவர் படுத்தால் என்ன ஆகும்? அவள் என் மார்பின்மேல் குப்புறப் படுத்துத் தூங்கினாள். புரண்டு விழுந்துவிடுவாளோ என்று ஒன்பது மணிநேரம் நான் கண்ணை மூடவில்லை. பட்டுப்போன்ற மெத்தையில், விழித்தபடியே வந்து சேர்ந்தேன்.

இந்தப் பருவத்தில், சட்டம் கேட்காவிட்டாலும், எகானமியில் குழந்தைக்குத் தனி இருக்கை வாங்குங்கள் என்றே சொல்கிறேன். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் பெரியவரின் மடியன்று, தனி இருக்கையில் பொருத்திய குழந்தை இருக்கையே என்று சொல்கிறது. காரில் வைக்கும் குழந்தை இருக்கை விமானத்துக்கும் ஒப்புதல் பெற்றதாக இருந்தால் கொண்டுபோகலாம். எகானமி இருக்கை 17, 18 அங்குல அகலம்தான் என்பதால், முன்பே அளந்து பார்த்துவிடுவது நல்லது. அதைச் சன்னலோரத்தில்தான் வைக்கச் சொல்வார்கள்.

இரண்டு முதல் ஐந்து வயது வரை என் வாதம் இன்னும் வலுவாகிறது. மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். இரண்டு எகானமி இருக்கைகளைச் சேர்த்தால் 34 முதல் 36 அங்குலம், அதாவது 86 முதல் 91 சென்டிமீட்டர். நடுவில் உள்ள கைப்பிடியை மேலே தூக்கிவிட்டு, தலையைத் தாயின் மடியில் வைத்தால் பிள்ளை முழு நீளத்துக்குப் படுத்துக்கொள்ளும். அதே பேத்தியோடு, அவளுக்கு மூன்று வயதானபோது அப்படித்தான் போனோம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றை நான்காக மடித்து, பட்டையின் இரும்புப் பூட்டுகள் குத்தாதபடி இருக்கைகளின்மேல் விரித்து, அவளுக்குரிய பட்டையை மட்டும் சேலைக்குமேல் எடுத்துக் கட்டினோம். வீட்டு வாசனை அந்தத் துணியில் இருந்ததோ என்னவோ, ஆறு மணிநேரம் அசையாமல் தூங்கினாள். இதற்கு நீங்கள் பார்க்க வேண்டியது இருக்கை அடுக்கு. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 விமானங்களில் பொதுவாக மூன்று மூன்றாக ஒன்பது இருக்கைகள். மூவர் குடும்பத்துக்கு எந்தப் பகுதியும் பொருந்தும். பெரும்பாலான போயிங் 777 விமானங்களில் நடுவில் நான்கு. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்றால் அதுவே வசதி. ஏர் நியூசிலாந்து நிறுவனம் 2011ஆம் ஆண்டு முதல், எகானமி வரிசையின் கால்தாங்கியை உயர்த்திக் கட்டில்போல் ஆக்கித் தனியே விற்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை: தொட்டில் வரிசையில் சாப்பாட்டுப் பலகையைக் கைப்பிடிக்குள் மடித்து வைத்திருப்பதால், கைப்பிடியை மேலே தூக்க முடியாது. வளர்ந்த பிள்ளைக்கு அந்த வரிசையைக் கேட்டு வாங்கி ஏமாறாதீர்கள்.

எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் உள்ள பிரீமியம் எகானமியை நான் குழந்தையோடு போகிறவர்களுக்குப் பரிந்துரைப்பதே இல்லை. அங்கே பெரும்பாலும் எந்த வரிசையிலும் கைப்பிடி தூக்க வராது, இருக்கை படுக்கையாகவும் ஆகாது. ஆறடி உயரமுள்ள, தனியே போகும் ஆளுக்கு அது நல்ல வகுப்பு.

பிசினஸ் வகுப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நான்கைந்து வயதுக் குழந்தை, தனக்கென்று இருக்கை வாங்கிய குழந்தை, ஒரே மூச்சில் 14, 16 மணிநேரம் பறக்கும் பயணம், முதுகுவலியோ அண்மையில் நடந்த அறுவை சிகிச்சையோ உள்ள தாய் என்றால், பணம் இருப்பவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் நடுவில் இரண்டு இருக்கைகள் ஒட்டியிருக்கும் அமைப்பா என்று கேட்டு, அந்த இரண்டையும் எடுக்க வேண்டும். எல்லாக் கட்டத்துக்கும் எடுக்க வேண்டியதில்லை; சென்னையிலிருந்து துபாய்க்கு உள்ள நான்கு மணிநேரத்தை எகானமியில் கழித்து, அடுத்துள்ள நீண்ட கட்டத்துக்கு மட்டும் மேல்வகுப்பு போட்டுத் தரச் சொல்லலாம். சில பாதைகளில் நமக்குத் தெரிவே இல்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரே பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நீள்தொலைவு ஏ350 விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது; பிசினஸில் 67 இருக்கைகள், பிரீமியம் எகானமியில் 94, அவ்வளவுதான். தகப்பன் பிசினஸிலும் தாயும் பிள்ளையும் எகானமியிலும் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வந்தவர்களும் உண்டு. டிக்கெட் போட்டுக் கொடுத்தேன், வேறொன்றும் சொல்லவில்லை.

எல்லா இடத்திலும் பிள்ளைகளை ஏற்பார்கள் என்றும் எண்ண வேண்டாம். ஏர் ஏசியா எக்ஸ் 2013ஆம் ஆண்டிலேயே எகானமியின் முன்பகுதியை அமைதிப் பகுதி என்று ஒதுக்கி, அங்கே சிறுவர்களை அனுமதிப்பதில்லை என்று வைத்தது. நம் நாட்டில் நமக்கு உதவியான ஒரு விதி வந்திருக்கிறது: 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பதிவில் பயணம் செய்யும் பெற்றோரில் ஒருவருக்காவது பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஒரே பதிவில் என்பதைக் கவனியுங்கள். தாய்க்கு ஒரு டிக்கெட்டும் பிள்ளைக்கு வேறோரிடத்தில் மலிவாக ஒரு டிக்கெட்டும் வாங்கினால் இது கைகொடுக்காது.

கடைசியாக, திரும்பி வரும் அல்லது திரும்பிப் போகும் தேதி. கார்த்திகைத் தீபத்திலிருந்து 21ஆம் நாள் எங்கள் பக்கத்தில் பிள்ளையார் நோன்பு. மாவில் நூல்திரி வைத்து ஏற்றும் அந்த நோன்பின் இழையை எடுத்துக்கொள்ள ஊருக்கு வரும் பிள்ளைகள் டிசம்பர் கடைசியிலும் ஜனவரி தொடக்கத்திலுமாகப் பறப்பார்கள். ஆண்டிலேயே விலை உச்சத்தில் இருக்கும் நாட்கள் அவை. சென்ற முறை ஒரு தம்பதி, 23 மாதப் பிள்ளையை மடி டிக்கெட்டில் அழைத்து வந்து, நோன்பையும் பிள்ளையின் இரண்டாவது பிறந்தநாளையும் இங்கேயே கொண்டாடினார்கள். திரும்பும் நாளில் பிள்ளைக்கு இரண்டு வயதும் ஐந்து நாளும் ஆகியிருந்தது. மடியில் ஏற்ற மாட்டோம், தனி டிக்கெட் வேண்டும் என்று விமான நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். இரவு பதினொரு மணிக்கு என்னை எழுப்பினார்கள். அந்த விமானத்தில் மீதமிருந்தது பிசினஸ் வகுப்பில் ஒரே ஒரு இருக்கை. அதை வாங்கி, அப்பன் அங்கே போய் உட்கார, பிள்ளை எகானமியில் அப்பன் இருந்த இடத்தில், தாயின் பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தது. வணக்கம்.