வரைபடத்தில் புள்ளி வைப்பதற்கு முன்னால்

எல்லோருக்கும் வணக்கம். தொல்லியல் தளங்களை ஜிஐஎஸ்ஸில், அதாவது இடத் தகவல்களை வரைபடத்தில் அடுக்கிக் காட்டும் கணினி முறையில், ஏற்றுவது பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. மென்பொருள் பெரிய விஷயமில்லை, க்யூஜிஐஎஸ் இலவசம், இறக்கிக்கொண்டு உட்கார்ந்தால் லேயர் (தகவல் அடுக்கு) சேர்ப்பது சீக்கிரமே கைவந்துவிடும். எனக்குக் கவலையெல்லாம் அதற்குள் நாம் போடுகிற புள்ளியைப் பற்றித்தான்.

திரையைப் பாருங்கள். ஒரு புதைமேட்டின் அட்சரேகை, தசமத்துக்குப் பிறகு இரண்டே இலக்கம். இரண்டு இலக்கம் என்றால் ஏறக்குறைய 1.1 கிலோமீட்டர் அளவுக்குத்தான் இடம் தெரியும், நான்கு இருந்தால் 11 மீட்டர் அளவுக்கு. ஆனால் மென்பொருளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மையான புள்ளியாகவே காட்டும், பார்ப்பவர் அதை நம்பிப் போய் வெறும் தரையில் நிற்பார். அப்புறம் டேட்டம், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பூமியின் எந்த மாதிரியை வைத்து அளந்தார்கள் என்கிற அடிப்படை. பழைய தாள் வரைபடத்தில் எடுத்த எண்ணை, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டேட்டமான டபிள்யூஜிஎஸ் 84 என்று நினைத்து ஏற்றினால், சில நாடுகளில் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப் போய்விடும். சாலைக்கு இடம் குறிப்பவர்கள் இதே வரைபடத்தைத்தானே பார்ப்பார்கள்? தளம் தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அதன் மேலேயே மண்வாரி இயந்திரத்தை ஏற்றிவிடலாம்.

அதனால் தயவுசெய்து எண் எங்கிருந்து வந்தது, எந்த டேட்டம், எத்தனை மீட்டர் முன்பின் இருக்கலாம் என்பதற்கெல்லாம் அட்ரிப்யூட் டேபிளில், அதாவது ஒவ்வொரு புள்ளியின் விவரமும் இருக்கும் அட்டவணையில், தனித்தனி நெடுவரிசை வையுங்கள். நேரில் போய்ப் பார்த்ததா, படத்தில் பார்த்து ஊகித்ததா என்பதும் கட்டாயம் வேண்டும். குவாத்தமாலா காட்டில் 2,144 சதுர கிலோமீட்டருக்கு லைடார் (விமானத்திலிருந்து லேசர் ஒளியால் தரையை அளக்கும் முறை) எடுத்து 61,000க்கும் அதிகமான மாயா கட்டுமானங்களைக் குறித்தார்கள், 2018இல் வெளியான ஆய்வு அது. பிரமிப்பான வேலை. ஆனால் அத்தனையையும் கால்நடையாகப் போய்ச் சரிபார்ப்பது நடக்கிற காரியமா?

தேதியையும் விடாதீர்கள். அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் கொரோனா 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள் 1995இல் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டன. மேற்காசியாவில் அவற்றில் பளிச்சென்று தெரிகிற மேடுகள் சில இன்றைக்கு அணை நீருக்கு அடியில் கிடக்கின்றன. படத்தின் ஆண்டு இல்லாமல் ஏற்றினால், போய்விட்ட தளம் இன்னும் இருப்பதாகவே பதிவாகும்.

கடைசியாக ஒன்று, பொதுவில் வெளியிடும் பிரதியில் துல்லியமான எண்ணை வைக்காதீர்கள். புதையல் தோண்டுகிறவர்களும் வரைபடம் பார்க்கிறார்கள். ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்குள் தளம் இருக்கிறது என்று காட்டினால் போதும், சரியான இடம் மூலக் கோப்பில் பத்திரமாக இருக்கட்டும்.