கறுப்புப் பட்டையும் கிழிந்த கொடியும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, மூன்று கூட்டங்களுக்கு நடுவில் இங்கேயும் தலைகாட்டியிருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, நலச்சங்கச் செயலாளர் அவர்களே, மைக் செட் தந்த அன்பரே, மேகம் திரண்டும் நாற்காலியை விட்டு எழாத பெரம்பூர்ப் பெருமக்களே, வணக்கம்.

கொடியேற்றும்போது ஒருவர் கறுப்புப் பட்டை கட்டி நின்றால் அது கொடிக்கு அவமதிப்பா? சட்டம், வழக்கு, பள்ளிக்கூடம் என்று மூன்றாகச் சொல்கிறேன்.

1971ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி, கொடியைப் பொது இடத்தில் கொளுத்தினாலோ மிதித்தாலோ, தேசிய கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுத்தாலோ மூன்றாண்டு வரை சிறை. கீதம் ஒலிக்கும் அந்த 52 விநாடியில் கூச்சல் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். வாய் திறக்காமல் பட்டையோடு நிற்பது எதைத் தடுக்கிறது?

வழக்குக்கு வருவோம். 1985, கேரளம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர்; பத்தாம் வகுப்பு, ஒன்பது, ஐந்து. யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். கீதம் ஒலித்தால் எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். பல காலம் யாருக்கும் அது உறுத்தவில்லை. ஒரு எம்.எல்.ஏ. கண்ணில் பட்டது, சட்டசபை வரை போனது! விசாரணைக் குழு போட்டார்கள். பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், அவமரியாதை ஏதுமில்லை என்று குழுவே சொன்னது. ஆனாலும் மேலிடத்து உத்தரவு. பள்ளியை விட்டு நீக்கம். உயர்நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி சின்னப்ப ரெட்டி தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு திரும்பச் சேர்க்கச் சொன்னது. எழுந்து நின்றதே மரியாதை, பாடியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்றது. (கைதட்டல்)

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்! பட்டையைக் கண்டு கொதிப்பவர்கள் கம்பத்தை அண்ணாந்து பார்க்கட்டும். கொடிக்குள் பூ வைத்துக் கட்டும்போது சுருக்கு முடிச்சுக்குப் பதில் இறுக்கு முடிச்சு போடுகிறார்கள். இழுத்தால் அவிழாது, பாதிக் கம்பத்தில் மூட்டையாய்த் தொங்கும். எந்த முனை மேலே என்று பார்க்காமல் கயிற்றில் மாட்டினால் பச்சை மேலே போகும். முதல் நாள் மாலையே வெறும் துணி வைத்து ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தால் இரண்டும் தெரிந்துவிடும்.

மறுநாள்? காகிதக் கொடிகள் சாக்கடையோரம். படிப்பது ராமாயணம்! கொடியைத் தரையில் போடக்கூடாது, கிழிந்ததைத் தனியிடத்தில் கண்ணியமாக எரிக்கலாம் என்று 2002 கொடி விதிகளே வழி சொல்கின்றன. அதனால்தான் தெருவுக்கு ஒரு கொடிப்பெட்டி கேட்கிறோம். உறுப்பினர் அவர்கள் மனது வைக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதற்குள் தலைவர் மணி அடித்துவிட்டார். ஆகஸ்ட் 16 காலை ஆறரைக்குக் கம்பத்தடிக்கு வாருங்கள். கீழே கிடக்கும் கொடிகளைப் பொறுக்கிப் போடச் சாக்குப்பை நாங்கள் கொண்டுவருகிறோம்.