தூங்குற கமிஷனை மூடுறதுக்கு முன்னாடி

எல்லாருக்கும் வணக்கம். என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்ன நிலையத்துக்கு முதல்ல நன்றி. நான் சென்னையில பேட்டன்ட் ஏஜென்ட்டா இருக்கேன். பேட்டன்ட்னா காப்புரிமை, ஒரு கண்டுபிடிப்பை அதைக் கண்டுபிடிச்சவர் சம்மதம் இல்லாம மத்தவங்க செஞ்சு விக்காம தடுக்குற உரிமை. யாராவது புதுசா ஒரு மெஷினோ செய்முறையோ கண்டுபிடிச்சா அதை முறையா எழுதி, படம் வரைஞ்சு, கிண்டியில இருக்கிற பேட்டன்ட் ஆபீஸ்ல ஃபைல் பண்றதுதான் என் வேலை. என்கிட்ட வர்றவங்க பெரிய கம்பெனிக்காரங்க கிடையாது, அம்பத்தூர் எஸ்டேட்லயும் கிண்டி எஸ்டேட்லயும் ரெண்டு லேத்து ஒரு டிரில்லிங் மெஷின்னு வச்சு ஓட்டுறவங்கதான் ஜாஸ்தி.

தொழில்ல புதுமைகளை வளர்க்கன்னு அரசாங்கம் ஒரு கமிஷன் போடுது, அது கொஞ்ச நாள்ல செயல்படாம போயிடுது, அப்புறம் அதைக் கலைக்கிறாங்க. இதைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன். பேப்பர்ல ஓரமா நாலு வரி வரும், நாம தாண்டிப் போயிடுவோம். ஆனா எனக்கு அந்த நாலு வரியைப் பாத்தா ஒரு அண்ணன் ஞாபகம் வந்துடும்.

ஓட்டல்ல மாவாட்டுற பெரிய கிரைண்டர் இருக்கு இல்லையா, அந்தக் கல்லு நாளாக நாளாக வழவழன்னு ஆயிடும், மாவு சரியா அரைபடாது, அதை உளி வச்சு கொத்தணும். இப்ப கல்லு கொத்துற ஆள் கிடைக்கிறதே கஷ்டம். இந்த அண்ணன் கல்லை கழட்டாமலே கொத்துற மாதிரி ஒரு சின்ன அட்டாச்மென்ட் செஞ்சாரு, ரொம்ப அழகான வேலை, நான் கையில வச்சுப் பாத்திருக்கேன். அப்ப யாரோ அவர்கிட்ட, இந்த மாதிரி கண்டுபிடிப்புக்கெல்லாம் வழிகாட்ட அரசாங்கத்துல ஒரு குழு இருக்கு, அதுக்கு எழுதிப் போடுங்கன்னு சொல்லியிருக்காங்க. இவரும் போட்டோ, டிராயிங் எல்லாம் வச்சு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டு, அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு கையெழுத்தோட திரும்பி வந்ததைப் பாத்து, சரி நம்ம விஷயம் போய்ச் சேந்துடுச்சுன்னு காத்திருந்திருக்காரு. ஒரு வருஷம் இல்ல, மூணு வருஷம். அதுக்குள்ள கோயம்பேட்டுல வடபழனியில நாலஞ்சு ஓட்டலுக்கு அதைச் செஞ்சு வித்துட்டாரு, ஏன்னா வீடு ஓடணும். அப்புறம் வேற ஒருத்தர் அதையே பாத்து செஞ்சு கம்மி விலைக்கு விக்க ஆரம்பிச்சதும்தான் என்கிட்ட ஓடி வந்தாரு.

என்னால ஒண்ணும் பண்ண முடியல. நம்ம பேட்டன்ட் சட்டப்படி, அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடியே ஒரு பொருள் வெளியில வித்து எல்லாரும் பயன்படுத்துற நிலைமைக்கு வந்துட்டா அது புதுசு இல்ல, சில விதிவிலக்கு இருக்கு, அதுல இவர் கேஸ் வரல. நான் விசாரிச்சா அந்தக் குழு பல வருஷமா ஒரு கூட்டமும் போடல, மெம்பருங்க பதவிக்காலம் எப்பவோ முடிஞ்சு போச்சு, ஆனா கலைச்சுட்டோம்னு ஒரு ஆர்டர் போடல, வாசல்ல போர்டு அப்படியே இருக்கு, தபால் வந்தா வாங்கிக் கையெழுத்துப் போட ஒருத்தர் இருக்காரு. அவ்ளோதான்.

அதனாலதான் சொல்றேன், தூங்குற கமிஷனால யாருக்கு என்ன நஷ்டம், பேப்பர்லதானே இருக்குன்னு சொல்றாங்க பாருங்க, அது தப்பு. அது இருக்குன்னு நம்பி ஒருத்தர் காத்திருக்காரு. இல்லவே இல்லன்னு தெரிஞ்சிருந்தா அவர் நேரா கிண்டிக்கு பஸ் ஏறியிருப்பாரு. செத்துப் போன குழுவை தெளிவா ஒரு ஆர்டர் போட்டு மூடுங்க, இனிமே இந்த வேலைக்கு இங்க போங்கன்னு போர்டுல எழுதி மாட்டுங்க. திட்டக் கமிஷனை எடுத்துக்கோங்க, 1950-ல ஆரம்பிச்சது, 2014 ஆகஸ்ட் 15 அன்னைக்கு மூடப் போறோம்னு பிரதமரே அறிவிச்சாரு, 2015 ஜனவரி 1-ல நிதி ஆயோக் வந்துடுச்சு. அந்த முடிவு சரியா தப்பான்னு வேற வேற கருத்து இருக்கலாம், ஆனா முடிஞ்சு போச்சுன்னு ஊருக்கே தெரியும். அதே சமயத்துல தேசிய புதுமைக் கவுன்சில்னு ஒண்ணு இருந்துச்சு, 2010-ல சாம் பித்ரோடா தலைமையில போட்டது, 2010-லேர்ந்து 2020 வரைக்கும் புதுமைக்கான பத்தாண்டுன்னு சொன்னாங்க, ஆட்சி மாறினதும் பத்தாண்டு பாதியில நின்னு போச்சு, அந்தப் பேரே இப்ப யாருக்கும் ஞாபகம் இல்ல. சட்டம் போட்டு உண்டாக்காத அமைப்புக்கு இந்த ஆபத்து எப்பவும் உண்டு, அது கலையாது, கரைஞ்சு போயிடும்.

ஆனா இதுல இன்னொரு பக்கம் இருக்கு, அதைச் சொல்லத்தான் முக்கியமா வந்தேன். தூங்குறது வேற, சோறு போடாம மயக்கம் போட்டு விழுந்து கிடக்குறது வேற.

நம்ம தேனாம்பேட்டை குணா காம்ப்ளக்ஸ்ல அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் இருந்துச்சு, நாங்க ஐ.பி.ஏ.பி.ன்னு சொல்லுவோம். நாடு முழுக்க டிரேட்மார்க், பேட்டன்ட் அப்பீலுக்கெல்லாம் அதுதான் இடம், அதோட தலைமையகம் நம்ம சென்னை, டெல்லி கிடையாது. 2003 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, 2007-லேர்ந்து பேட்டன்ட் கேஸும் வந்துச்சு. எவ்ளோ பெரிய வேலை பண்ணியிருக்கு தெரியுமா? கிட்னி கேன்சர், லிவர் கேன்சருக்கு பேயர் கம்பெனி வித்த மருந்து ஒண்ணு, அப்ப மாசத்துக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபா. அதை நாட்கோ கம்பெனி 8,880 ரூபாய்க்கு செஞ்சு விக்கலாம்னு 2012-ல கட்டாய உரிமம் குடுத்தாங்க, அதாவது பேட்டன்ட் வச்சிருக்கிற கம்பெனி சம்மதம் இல்லாமலே குடுக்கிற அனுமதி, இந்தியாவுல அதுதான் முதல் தடவை. அதை எதுத்து பேயர் வந்தது இந்த வாரியத்துக்குத்தான், அப்ப சேர்மன் நம்ம ஹைகோர்ட்ல ஜட்ஜா இருந்த பிரபா ஸ்ரீதேவன் அம்மா, 2013 மார்ச்ல உரிமம் செல்லும்னு தீர்ப்பு குடுத்து, நாட்கோ பேயருக்குக் குடுக்க வேண்டிய பங்கு, அந்த ராயல்டியை மட்டும் 6 சதவீதத்துலேர்ந்து 7 சதவீதம் ஆக்கினாங்க. நம்ம அண்ணா சாலையில ஒரு மாடியில இருந்த வாரியம்ங்க இது.

அப்புறம் என்ன ஆச்சு, 2016-ல சேர்மன் ஓய்வு பெற்றாரு, ஒன்றரை வருஷத்துக்கு மேல அந்த நாற்காலி காலி. பேட்டன்ட் டெக்னிக்கல் மெம்பர் நாற்காலி அதைவிட ரொம்ப நாள் காலி. டெக்னிக்கல் மெம்பர் இல்லாம பேட்டன்ட் அப்பீல் கேக்க முடியாது, ஃபைல் மேல ஃபைலா சேந்துச்சு. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா பேட்டன்ட்டுக்கு ஆயுசு 20 வருஷம்தான், அதுவும் அப்ளிகேஷன் போட்ட தேதியிலேர்ந்து எண்ணுவாங்க, மெம்பர் போடாத வருஷத்தையெல்லாம் திருப்பித் தர மாட்டாங்க. கடைசியில 2021 ஏப்ரல் 4-ந் தேதி ஒரு அவசரச் சட்டம், பல ட்ரிப்யூனலோட, அதாவது தீர்ப்பாயங்களோட சேத்து இதையும் கலைச்சாச்சு. ட்ரிப்யூனல்னால நீதி சீக்கிரம் கிடைக்கல, அரசுக்கும் செலவுன்னு காரணம் சொன்னாங்க. ஆளே போடாம எப்படிங்க சீக்கிரம் கிடைக்கும்? நான் மட்டும் சொல்லல, அதே வருஷம் ஜூலையில நாடாளுமன்ற நிலைக்குழுவே இந்த வாரியத்தைக் கலைச்சதை மறுபடி யோசிக்கணும்னு அறிக்கை குடுத்துச்சு.

நியாயமா இதையும் சொல்லிடுறேன், அந்த வாரியத்துல குறை இல்லாம இல்ல. மெம்பர்களை எடுக்குற முறையே அரசியல் சட்டத்துக்கு ஒத்து வரலன்னு ஷம்நாத் பஷீர்ங்கிற சட்டப் பேராசிரியர் போட்ட வழக்குல நம்ம ஹைகோர்ட் 2015-லயே சொல்லிடுச்சு. இப்ப கேஸெல்லாம் ஹைகோர்ட்டுக்கு வந்துடுச்சு, 2023 ஏப்ரல்லேர்ந்து மெட்ராஸ் ஹைகோர்ட்ல இதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, நல்ல ஜட்ஜுங்க உக்காந்து நல்ல தீர்ப்பு குடுக்கிறாங்க, சந்தோஷம். ஆனா 2021-ல வாரியம் மூடினதுக்கும் இந்தப் பிரிவு வந்ததுக்கும் நடுவுல ரெண்டு வருஷம் இருக்கு பாருங்க. மூடுறவங்க அந்த ரெண்டு வருஷத்தை முன்னாடியே யோசிச்சிருக்கணும்.

நாளைக்கு தமிழ்நாட்டுலயோ டெல்லியிலயோ இந்த மாதிரி ஒரு கமிஷனைக் கலைக்கிறோம்னு அறிவிச்சா நான் அதை எதுக்க மாட்டேன். ஆனா கடைசியா எப்ப கூடினாங்க, எத்தனை நாற்காலி எத்தனை நாளா காலி, யாரு நிரப்பாம விட்டாங்க, இதையெல்லாம் அந்த ஆர்டர்லயே எழுதச் சொல்லிக் கேப்பேன். அங்க வந்து கிடக்கிற தபால், டிராயிங், எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்து, எழுதினவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு பதில் கார்டு போடணும், இதுக்கு கோடிக்கணக்குல செலவு ஆகாது, ரெண்டு கிளார்க்கும் ஒரு மாசமும் போதும்.

அந்த அண்ணன் சும்மா இருக்கல. கொத்துற உளி சீக்கிரம் தேயாம இருக்க அதுல ஒரு புது மாத்தம் பண்ணியிருக்காரு, போன மாசம் ஒரு துணிப் பையில சுத்தி எடுத்துட்டு வந்தாரு. இன்னும் யாருக்கும் விக்கல, யாருக்கும் காட்டல. அன்னைக்கு சாயந்திரமே உக்காந்து எழுத ஆரம்பிச்சுட்டோம். வணக்கம்.