காமெடிப் படங்கள்ல தன்பாலீர்ப்பு: சிரிப்பு யார் மேல விழுது?

அடுத்த கேள்வி தலவாக்கலை பக்கத்துல ஒரு தோட்டத்துல இருந்து வந்திருக்கு. அப்படியே வாசிக்கிறேன்.

"எங்க தோட்டத்து இளைஞர் கழகத்துல பொங்கலுக்கு ஒரு நகைச்சுவை நாடகம் போடுறோம். கொழும்புல இருந்து வர்ற ஒருத்தன் ஹீரோவ சுத்திச் சுத்தி வர்றான், ஹீரோ பயந்து ஓடுறான், அப்படி ஒரு சீன் இருக்கு. சினிமாவப் பார்த்துத்தான் எழுதினோம். தப்பான சீன், எடுத்துருங்கன்னு சில பேர் சொல்றாங்க. எல்லாப் படத்துலயும் வருது, எல்லாரும் சிரிக்கிறாங்க. எடுக்கணுமா, மாத்தி எழுதலாமா?"

மாத்தி எழுதலாம் தம்பி. அந்த ஆள நாடகத்துல இருந்து தூக்க வேணாம். ஆனா சினிமாவுல இந்த சீன எப்படிக் கட்டுறாங்கன்னு ஒரு தடவ பிரிச்சுப் பார்த்துட்டு எழுதுங்க.

லொட்ஜ் சீன் ஒண்ண எடுத்துக்கோங்க. இந்த மாதிரி எத்தனையோ படத்துல வந்துருச்சு. ஹீரோவும் கூட்டாளியும் ரூம் கேட்டு வர்றாங்க. ஒருத்தர் திரும்புறாரு. ரோஸ் கலர் சட்டை, கழுத்துல ஒரு துணி, தளர்ந்த மணிக்கட்டு. அவர் வாயத் தொறக்க முந்தியே பின்னணியில ஒரு குறும்புச் சத்தம். அப்புறம் டப்பிங்ல இழுத்துப் பேசுற குரல். ஹீரோ தோள்ல கைய வைக்கிறாரு. உடனே கெமரா ஹீரோ மூஞ்சிக்குப் போகுது, கண்ணு பிதுங்குது. தியேட்டர் சிரிக்கிறது அந்த எடத்துலதான். அப்புறம் ஒரு அறை, இல்லாட்டி ஓட்டம். சீன் முடிஞ்சு போச்சு.

அந்த ஆள் பேசுன ஒரு வசனத்துக்காவது யாராவது சிரிச்சாங்களா? இல்ல. சிரிப்பு முழுக்க ஹீரோவோட அருவருப்புக்கு வந்தது. "இவன் தொட்டா நாம இப்படித்தான் நடந்துக்கணும்"னு ஹீரோ மூஞ்சி பார்க்கிறவங்களுக்குப் பாடம் எடுக்குது. அந்த ஆளுக்குப் பேர் கெடையாது, வேலை என்னான்னு தெரியாது, என்ன வேணும்னும் தெரியாது. அந்த சீன வெட்டி எறிஞ்சாலும் கதையில ஒரு நூல் அறாது.

இது ஏன் இப்படி வந்துச்சுன்னு கேட்டா, தமிழ் சினிமாவுல காமெடி ட்ராக்க ரொம்ப காலம் கதைக்கு வெளியிலயே எழுதி ஒட்டுனாங்க. கவுண்டமணி, செந்தில் காலத்துல ஏ. வீரப்பன் மாதிரி அதுக்குன்னே தனி எழுத்தாளர்கள் இருந்தாங்க, அவங்க பெரிய திறமைசாலிங்க. ஆனா தனி ட்ராக்குல வர்ற ஆளுக்கு ரெண்டு நிமிஷம்தான். ரெண்டு நிமிஷத்துல ஒருத்தர யாருன்னு காட்டணும்னா உடுப்பு, நடை, குரல் இத வச்சுத்தான் காட்ட முடியும். குண்டா இருக்கிறவங்க, கறுப்பா இருக்கிறவங்க, திக்கிப் பேசுறவங்க எல்லாரும் இப்படித்தான் மாட்டுனாங்க. தன்பாலீர்ப்பு உள்ளவங்களும், அதாவது ஆம்பளையப் புடிக்கிற ஆம்பளைங்களும் பொம்பளையப் புடிக்கிற பொம்பளைங்களும், அதே வழியிலதான் உள்ள வந்தாங்க. அதுக்கு மேல, டீவியும் பஸ் டீவியும் காமெடிய மட்டும் வெட்டிப் போடுறதால, நம்ம ஆளுங்க கதையே தெரியாம அந்தத் துண்ட மட்டும் நூறு தடவ பார்க்கிறாங்க. "அவனா நீ"ங்கிற வசனம் எந்தப் படத்துல வந்துச்சுன்னு தெரியாத பிள்ளைங்க கூட இஸ்கூல்ல அத இன்னொரு பிள்ளைய பார்த்துச் சொல்லுது.

இன்னொரு காரணமும் இருக்கு, அத யாரும் பெருசா கவனிக்கிறதில்ல. நம்ம சினிமா நட்ப எவ்வளவு தூரம் கொண்டாடுது பாருங்க. ரெண்டு ஆம்பளைங்க கட்டிப் புடிச்சு அழுவாங்க, ஒரே பாயில படுப்பாங்க, உனக்காக உசுரக் குடுப்பேன்னு பாட்டே இருக்கும். அவ்வளவு நெருக்கத்தக் காட்டிட்டு, நடுவுல ஒரு "ச்சீ, தள்ளிப் படுடா" காமெடி வரும். "இவங்க அப்படி இல்ல, நீங்க பயப்புடாதீங்க"ன்னு படம் நமக்குச் சொல்லிக் குடுக்குது. 2008-ல வந்த 'தோஸ்தானா'ங்கிற ஹிந்திப் படம் முழுக்க இந்த ஒரே அச்சுலதான் சுத்துது. மியாமியில வாடகைக்கு வீடு கெடைக்கிறதுக்காக ரெண்டு பேர் ஜோடின்னு பொய் சொல்றாங்க. அவங்க உண்மையில அப்படி இல்லைன்னு நமக்கு மொதல்லயே தெரியும். அந்த நிம்மதியிலதான் சிரிக்கிறோம். உண்மையாவே ஒரு ஜோடி அந்த வீட்டுக்கு வந்திருந்தா அந்தப் படமே வேற.

2010-ல வெங்கட் பிரபுவோட 'கோவா' வந்துச்சு. சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் ஜோடியாவே வந்தாங்க. பேர் இருக்கு, உறவு இருக்கு, கதையில எடம் இருக்கு. நடையையும் குரலையும் வச்சு எடுத்த சிரிப்பும் அதுல இருக்கத்தான் செய்யுது. இருந்தாலும் ஒரு வெகுஜன தமிழ் காமெடிப் படத்துல அது முன்னால எடுத்து வச்ச பெரிய அடிதான்னு நான் நெனைக்கிறேன். அதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு 2015-ல வந்த ஷங்கரோட 'ஐ' படத்துல நெலம பின்னால போச்சு. ஒஸ்மா ஜாஸ்மின்னு ஒரு ஒப்பனைக் கலைஞர், ஹீரோ மேல ஆசைப்படுது. அந்த ஆசைக்குக் கெடைச்சது கிண்டலும் அருவருப்பும்தான். கடைசியில அந்தப் பாத்திரத்த வில்லன் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. அதுக்காக சென்னையில திருநங்கைகள் போராட்டம் நடத்துனாங்க.

இங்க ஒரு குழப்பத்த தீர்த்துட்டுப் போறேன், ஏன்னா உங்க நாடகத்துலயும் இது இருக்கும்னு நெனைக்கிறேன். அந்தப் பாத்திரம் திருநங்கை. திருநங்கைன்னா அவங்க பெண், அது அவங்க யாருங்கிற விஷயம். தன்பாலீர்ப்புன்னா ஒருத்தருக்கு யார் மேல ஆசை வருதுங்கிற விஷயம். பொம்பள வேஷம் கட்டுறது மூணாவது விஷயம், அது வெறும் உடுப்பு. காமெடிப் படங்கள் மூணையும் ஒரே சட்டிக்குள்ள போட்டுக் கிண்டிருது. அதனாலதான் ஒரு ஆம்பளைக்கு ஆம்பளையப் புடிக்கும்னு காட்டணும்னா ஒடனே லிப்ஸ்டிக் பூசுறாங்க. லயத்துல, டவுன்ல, கராஜுல, வொலிபோல் டீம்ல, நீங்க பார்த்தா கண்டே புடிக்க முடியாத எத்தனையோ பேர் அப்படி இருக்காங்க.

வேஷத்தப் பத்தி நமக்கு வெளியில இருந்து யாரும் சொல்லித் தர வேணாம். மாசி மாசம் காமன் கூத்து போடுறோமே, ரதிக்கு வேஷம் கட்டுறது யாரு? ஆம்பளதான். மதன் எரிஞ்சு போன பிறகு அந்த ரதி ஒப்பாரி வைக்கையில எந்தக் கெழவியாவது சிரிச்சுப் பார்த்திருக்கீங்களா? அழுவாங்க. சீலையும் பூவும் வளையலும் ஒரு ஆம்பள ஒடம்புல இருக்கிறதால சிரிப்பு வர்றதில்லைங்கிறதுக்கு வேற சாட்சி தேவையில்ல. எழுதுறவன் அங்க சிரிப்ப வச்சாத்தான் சிரிப்பு வரும்.

பொம்பளையப் புடிக்கிற பொம்பளைங்களப் பத்தி காமெடிப் படங்கள்ல சொல்றதுக்கே அதிகமில்ல. அவங்கள ஏறக்குறைய காணவே காணோம். வந்தா, ஒரு ஆம்பள வந்து "சரி பண்ற" மாதிரி வரும். சீரியஸ் படங்கள்ல நெலம மாறிருச்சு. 2022-ல பா. ரஞ்சித்தோட 'நட்சத்திரம் நகர்கிறது'ல ஆண் ஜோடி, பெண் ஜோடி ரெண்டும் நாடகக் குழுவுக்குள்ள சாதாரணமா இருக்காங்க. 2023-ல மலையாளத்துல மம்முட்டியே 'காதல் தி கோர்'ல தன்பாலீர்ப்பு உள்ளவரா நடிச்சாரு. காமெடி மட்டும் இன்னும் பழைய எடத்துலயே நிக்குது.

"சும்மா சிரிக்கத்தானே"ன்னு சொல்றவங்களுக்கு நம்ம நாட்டு நெலமயச் சொல்லணும். இலங்கையில 1883-ஆம் வருஷத்து தண்டனைச் சட்டக் கோவையில தன்பாலீர்ப்பு உறவக் குற்றமாக்குற 365, 365அ பிரிவுகள் இன்னமும் இருக்கு. 365அ மொதல்ல ஆம்பளைங்களுக்கு மட்டும்தான். 1995-ல திருத்தம் கொண்டு வந்தப்ப தளர்த்துறதுக்குப் பதிலா பொம்பளைங்களையும் சேர்த்துட்டாங்க. 2023-ல அத மாத்த பாராளுமன்றத்துல ஒரு தனிநபர் சட்டமூலம் வந்துச்சு, அது அரசியலமைப்புக்கு முரண் இல்லைன்னு உயர் நீதிமன்றமும் சொன்னிச்சு, ஆனா சட்டம் மாறல. இந்தியாவுல 2018-லயே உச்ச நீதிமன்றம் இதே மாதிரியான 377-ஆம் பிரிவ இந்த விஷயத்துல ஒதுக்கி வச்சிருச்சு. அங்க எடுத்த காமெடிய நாம இங்க பார்க்கிறோம், அங்க போன சட்டம் இங்க நிக்குது. அதோட நம்ம ஆளுங்க வாழுறது பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவுல. இந்தப் பக்கம் இருமுனா அந்தப் பக்கம் கேக்கும். டவுன்ல ஒருத்தனக் கிண்டல் பண்ணா அவன் வேற தெருவுக்குப் போயிருவான். லயத்துல ஒரு பட்டப்பேர் ஒட்டிருச்சுன்னா பெரட்டுக் களத்துல, குழாயடியில, கோயில்ல எல்லா எடத்துலயும் அது கூடவே வரும். உங்க நாடகம் ஒரு ராத்திரியில முடிஞ்சுரும், அந்தப் பேர் முடியாது.

சரி, இப்ப உங்க சீன். அமெரிக்காவுல கிளாட்ங்கிற அமைப்பு ஹொலிவூட் படங்கள அளக்க ஒரு சோதனை வச்சிருக்கு, விட்டோ ருஸ்ஸோங்கிற சினிமா வரலாற்று எழுத்தாளர் பேர்ல. மொதல்ல, தன்பாலீர்ப்பு மாதிரி உள்ள ஒரு பாத்திரம் தெளிவா இருக்கணும். அடுத்தது, அந்த ஈர்ப்பு மட்டுமே அந்த ஆளோட முழு அடையாளமா இருக்கக் கூடாது. கடைசியா, அவரத் தூக்குனா கதை ஆட்டம் காணணும். உங்க சீன் மொதலாவதுல பாஸ், மத்த ரெண்டுலயும் பெயில்.

அதனால அந்த ஆளுக்கு ஒரு தேவையக் குடுங்க. உதாரணத்துக்கு, ஹீரோ அவருக்கு சீட்டுக் காசு பன்னெண்டாயிரம் தரணும். அத வசூல் பண்ணத்தான் கொழும்புல இருந்து வந்திருக்காரு. ஹீரோ ஒளியுறான். அம்மா, "ஏன்டா அந்தப் பையனக் கண்டா ஓடுற?"ன்னு கேக்குறாங்க. கடனச் சொன்னா செருப்படி விழும். அதனால ஹீரோ, "அவன் ஒரு மாதிரிம்மா, என் மேல ஆசப்படுறான்"னு புளுகுறான். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அதுக்கென்னடா, பசியோட வந்திருப்பான்"னு சொல்லி அவர இஸ்தோப்புல ஒக்கார வச்சு ரொட்டியும் சம்பலும் குடுக்குறாங்க. ஹீரோ பொய்யக் கூட்டக் கூட்ட அம்மா இன்னொரு ரொட்டி வைக்கிறாங்க. கடைசியில அம்மாவே, "என் மகன் மேல ஆசையாப்பா?"ன்னு கேக்கட்டும். அவர் தேத்தண்ணிய ஒரு மொடக்கு குடிச்சுட்டு, "எனக்கு ஆம்பளைங்களப் புடிக்கும்மா, அது உண்மைதான். ஆனா இவனப் புடிக்காது. இவன் எனக்கு பன்னெண்டாயிரம் தரணும்"னு சாதாரணமா சொல்லட்டும். அம்மா செருப்பத் தேடுறாங்க, ஹீரோ ஓடுறான். உங்க பழைய ஓட்டம் அப்படியே இருக்கு, ஆனா இப்ப சிரிப்பு புளுகுனவன் மேல விழுது. அந்த ஆளத் தூக்குனா நாடகமே இல்ல.

ஒத்திகையில கெட்டுப் போற எடங்கள் சிலது இருக்கு. நடிக்கிற பையன் ஒத்திகையில ஒழுங்கா இருப்பான். அன்னைக்கு ராத்திரி கூட்டம் லேசா சிரிச்ச ஒடனே கைய வளைக்க ஆரம்பிச்சிருவான், ஏன்னா அது லேசாக் கெடைக்கிற சிரிப்பு. வேணாம்னு சொல்றது மட்டும் போதாது. அவன் கைக்கு வேலை குடுங்க: ஒரு கையில தேத்தண்ணிக் கோப்பை, மத்தக் கையில சீட்டுக் கொப்பி. ரெண்டு கையும் நெறஞ்சிருந்தா வளைக்க முடியாது. பேட் வாசிக்கிறவருக்கு, அந்த ஆள் மேடைக்கு வரையில சத்தம் குடுக்க வேணாம்னு ஸ்கிரிப்டுலயே எழுதிக் குடுங்க. ஒவ்வொரு புளுகுக்குப் பின்னாலயும் ஒண்ணு அடிக்கட்டும். உடுப்பு சாதாரண டவுன் உடுப்பு போதும்: டெனிம், ஷேர்ட், தோள்ல ஒரு பேக். "எனக்கு ஆம்பளைங்களப் புடிக்கும்மா"ங்கிற வசனத்துல கூட்டம் ஊளையிடும், அது நிச்சயம். அப்ப அம்மா வேஷம் போடுறவங்க பதறாம ரொட்டித் தட்ட அவர் பக்கம் தள்ளி வச்சுட்டு, சத்தம் அடங்குற வரைக்கும் நிக்கணும். அதுக்குப் பிறகுதான் பன்னெண்டாயிரம் வசனம். அவசரப்பட்டா அந்த வசனம் சத்தத்துல கரைஞ்சு போயிரும், மிஞ்சுறது ஊளை மட்டும்தான்.

பாத்திரத்துக்கு ஆள் தேடுறப்ப, ஏற்கனவே தோட்டத்துல "பொம்பள மாதிரி நடக்கிறான்"னு கிண்டல் வாங்குற பையனத் தயவுசெஞ்சு போடாதீங்க, "அவனுக்குப் பொருத்தமா இருக்கும்"னு யாராவது சொன்னாலும் போடாதீங்க. கழகத்துல வயசுல மூத்தவரா, நாலு பேர் மதிக்கிறவரா ஒருத்தரக் கேளுங்க. பாத்திரத்துக்குப் பேர் வைக்கையில, உங்க தோட்டத்துலயும் பக்கத்து டிவிஷன்லயும் அந்தப் பேர்ல யாரும் இருக்காங்களான்னு பார்த்துட்டு வையுங்க. ஸ்கிரிப்ட மாத்துனதும் அனுப்பி வையுங்க தம்பி, வசனத்த ஒரு தடவ பார்த்துச் சொல்றேன்.