தண்ணீருக்கு அசையாத விதை, புகைக்கு முளைக்கிறது!

(திரையில்: ஈரப் பஞ்சின் மேல் மூன்று பீன்ஸ்)

தண்ணீர் ஊற்றியும் அசையாத விதை, புகை பட்டதும் வேர் விடுகிறது. நம் தென்னாப்பிரிக்க மண்ணில் கண்டறிந்த உண்மை இது! டர்பனிலிருந்து வணக்கம். முதலில் சமையலறைக்குப் போய் மூன்று சுகர் பீன்ஸ் எடுத்து வாருங்கள். ஆம், பன்னி சௌ (bunny chow) என்று நாம் சொல்லும், குடைந்த ரொட்டிக்குள் கறியாகப் போகும் அதே காய்ந்த பீன்ஸ்தான்.

காய்ந்த விதைக்குள் குட்டிச் செடி உயிரோடு இருக்கிறது. ஈரப் பஞ்சின் மேல் வைத்தால் விதை தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது, சுவாசம் வேகம் பிடிக்கிறது. அவ்வளவுதான், வேருக்கு வருவோம்.

(திரையில்: விதையின் தழும்பு, மிக அருகில்)

இந்தத் தழும்பு தெரிகிறதா? நெற்றோடு ஒட்டியிருந்த தொப்புள் இது. பக்கத்தில் ஊசிமுனை அளவு ஒரு துளை. முளைவேரின் நுனி அதன் அருகிலேயே படுத்திருக்கிறது. புதிய செல்கள் பெருகியா அது தோலைக் கிழிக்கிறது? பெரும்பாலும் இல்லை. இருக்கிற செல்களே தண்ணீர் குடித்து நீளுகின்றன!

இங்கேதான் எனக்கு மெய்சிலிர்க்கிறது. வேர் வெளியே வரும்வரை இந்த விதையை மறுபடி உலர்த்தினாலும் பிழைத்துக்கொள்ளும். வேர் நீண்ட பிறகு உலர்ந்தால் சாவுதான். திரும்பி வர முடியாத பயணத்துக்கு நல்ல நேரம் பார்க்க வேண்டாமா?

(திரையில்: எரிந்த மலைச்சரிவு)

கேப் பகுதியின் ஃபின்போஸ் புதர்க்காட்டில் பல விதைகள் நல்ல நேரம் பார்ப்பது புகையை வைத்துத்தான். 10, 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே தீ ஓடுகிறது. எரிந்த நிலத்தில் வெயிலை மறைக்கப் பெரிய புதர் இல்லை. சாம்பல் வேறு உரமாகிறது. கேப்டவுனின் கிர்ஸ்டன்பாஷ் தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த டி லாங்கே, தன் சக ஆய்வாளரோடு 1990இல் இதை வெளியிட்டார்: அரிய புதர்ச்செடி ஒன்றின் விதையை எழுப்புவது புகை! புகை கரைந்த தண்ணீர்கூடப் போதும். 2004இல் புகைக்குள் ஒளிந்திருந்த அந்தப் பொருளை ஆஸ்திரேலியக் குழு ஒன்றும், நம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் குழுவும் தனித்தனியே பிரித்தெடுத்தன. பக்கத்து ஊர்க்காரர்கள், பெருமையாக இருக்காதா! இந்த வகைப் பொருள்களுக்குக் காரிக்கின் என்று பெயர். ஆஸ்திரேலியாவின் நூங்கார் மொழியில் 'காரிக்' என்றால் புகை. வெளிச்சம் கேட்கும் லெட்டூஸ் ரகம் ஒன்றும் புகைநீர் பட்டால் இருட்டிலேயே முளைக்கிறது. காட்டுத்தீயோடு அதற்கு என்ன உறவு? இதை நினைத்து நான் இன்னும் வியக்கிறேன்.

உங்கள் பீன்ஸுக்குப் புகை வேண்டாம், ஈரம் போதும். வேர் எட்டிப் பார்த்ததும் ஒன்றை மட்டும் நுனி மேலே பார்க்கும்படி திருப்பி வையுங்கள். மறுநாள் அது வளைந்து கீழே திரும்பியிருக்கும். அந்த வளைவைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.