சாமிக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயமா?

நடுவர் அவர்களுக்கும், பொங்கல் விழாப் பந்தலில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும், முன்வரிசையில் முறுக்கு கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். "கறி தின்னும் குடும்பத்தில் ஒருவர் வீகனாக மாறினால் ஒத்துப்போக வேண்டியது அவரா, குடும்பமா?" என்பது தலைப்பு. குடும்பம்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கறி தின்கிறவள். பள்ளிபாளையம் சிக்கனில் வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் சேர்ந்து வதங்கும்போது வருகிற வாசம் இருக்கிறதே, அதற்கு நான் இன்னும் அடிமை. வீகனாக இருப்பது என் மகள். கறி, மீன், முட்டை மட்டும் இல்லை. பால், தயிர், நெய், தேன் எதையும் தொடமாட்டாள். எதிரணியினர் இதைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பேசுகிறார்கள். நான் தினமும் இதற்குச் சமைத்துவிட்டுப் பேசுகிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் என்ன கேட்டார்? "ஒருத்திக்காக வீடே வளையணுமா? அடுப்படியில பொம்பளைக்கு ரெட்டை வேலை" என்றார். நல்ல கைதட்டல் வாங்கினார். அடுத்து வந்த தம்பி, புரதம் எங்கே இருந்து வரும் என்றார். மூன்றாவதாக வந்த தங்கை, இது பெங்களூர் பழக்கம், பாதாம் பால் விலைக்கு நம்மால் ஆகாது என்றார்.

சரி, அண்ணனிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். நம்ம பக்கம் கார்த்திகை பிறந்தால் என்ன நடக்கிறது? வீட்டில் ஒருவர் சபரிமலைக்கு மாலை போடுகிறார். அன்றைக்கே கறிச்சட்டி பரணில் ஏறுகிறது. அடுப்பு மேடையைக் கழுவி விடுகிறோம். அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். ஒரு மண்டலம் முழுக்க, ஒரே ஒருவருக்காக, எங்கள் மாமனார் முதல் மூன்றாம் வகுப்புப் பேரன் வரை வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். யாராவது "ஒருத்தனுக்காக வீடே வளையணுமா" என்று கேட்டதுண்டா? புரட்டாசி வந்தால் ஊரே கறிக்கடையை மறக்கிறது. புரட்டாசி முடிந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை அதே கடை வாசலில் நிற்கும் கூட்டம் வேறு கதை, அதை விடுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவருக்கு வழியெல்லாம் முகம் தெரியாதவர்கள் சோறு போடுகிறார்கள்.

ஆக, ஒத்துப்போவது நமக்குப் புதுசு இல்லை நடுவர் அவர்களே. நன்றாகவே வரும். சாமிக்காக விட்டால் விரதம். டாக்டருக்காக விட்டால் பத்தியம். மனசுக்குத் தப்பென்று பட்டதால் ஒரு பெண் விட்டால் மட்டும் திமிரா?

ரெட்டை வேலைக்கு வருகிறேன். இதை ஒரு ஆண் வந்து சொன்னதில் எனக்கு ஒரு சந்தோஷம். பொம்பளைக்கு வேலை அதிகம் என்று இந்த ஒரு விஷயத்திலாவது தெரிந்திருக்கிறதே! அண்ணன் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் வெங்காயமாவது உரித்துக் கொடுப்பார் என்று நம்புகிறேன்.

நம் வீட்டு அடுப்பில் ஏற்கனவே இருப்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அரிசிம்பருப்புச் சாதம் எதில் சேர்த்தி? துவரம்பருப்பு, அரிசி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள். கடைசியில் ஊற்றும் நெய்யை நிறுத்திவிட்டுச் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி விட்டால் அது வீகன் சாப்பாடு. கொள்ளுப் பருப்பு கடைகிறோம், அந்தக் கொள்ளு வெந்த தண்ணீரிலேயே ரசம் வைக்கிறோம். பச்சைப்பயறுக் கடைசல், தட்டைப்பயறுக் குழம்பு, கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல். இதில் எதற்கு ஆடும் மாடும் வேண்டும்?

இடியாப்பம் மாதிரி பிழிகிற எங்கள் சந்தகையைச் சொல்லாமல் விட்டால், என் அம்மாவைப் பெற்ற அம்மாயி என்னை மன்னிக்காது. புழுங்கலரிசியை ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் ஆட்டி, வேகவைத்த மாவைச் சூடு ஆறுவதற்குள் சந்தகை மரத்தில் போட்டுப் பிழிய வேண்டும். கொஞ்சம் ஆறினாலும் இறங்காது. அம்மாயி மாவை வைக்க, பிடியில் இரண்டு மாமன்கள் தொங்குவார்கள். பிள்ளைகள் நாங்கள் அதற்கும் மேலே ஏறித் தொங்குவோம். தட்டில் விழுகிற நூல் ஆவி பறக்க இருக்கும்போதே ஒரு பங்குக்குத் தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும், இன்னொரு பங்குக்கு எள்ளுப்பொடி, மற்றதற்கு எலுமிச்சைத் தாளிப்பு. ஒரு சொட்டு மாட்டுப்பால் கிடையாது. என் மகள் வீகனான பிறகுதான் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த சந்தகை மரம் கீழே இறங்கியது. இப்போது ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இழுத்துப் பிழிகிறவர் யார் தெரியுமா? "ஏன் அம்மணி, ஆடு திங்கற தழையத்தான் நீயும் திங்கறயா?" என்று முதல் நாள் அவளைக் கிண்டலடித்த என் மாமனார்தான். அன்றைக்கு அவள் சொன்ன பதில் எங்கள் தெருவில் இன்னும் ஓடுகிறது: "ஆமாங்கப்பாரு, அந்த ஆட்டுக்குச் சக்கரையும் இல்ல, பிரஷரும் இல்லீங்க."

புரதம் கேட்ட தம்பிக்கு. நூறு கிராம் காய்ந்த கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. நிலக்கடலையில் சுமார் 25. புரதத்தை உண்டாக்கும் அமினோ அமிலங்களில் லைசின் என்பது அரிசியில் குறைவு; பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு நம் பாட்டிமார்கள் ஆக்கி வைத்தார்கள், அமினோ அமிலம் என்ற பேச்சே இல்லாத காலத்தில். சுண்ணாம்புச் சத்து பாலில்தான் என்பீர்கள். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அதே அளவு பசும்பாலில் 120 பக்கம்தான். போதும், புரதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏனென்றால் இந்த ஊரில் புரதம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனவரை நான் பார்த்ததில்லை. வேறு காரணத்துக்குப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

அங்கேதான் வருகிறேன். எதிரணியில் எல்லோரும் "குடும்ப உணவு, பாரம்பரியம்" என்று அடிக்கொருதரம் சொன்னார்கள். எந்தப் பாரம்பரியம்? என் அம்மாயி காலத்தில் கறி என்பது நோம்பிக்கு, கிடாவெட்டுக்கு, மாப்பிள்ளை வந்தால் ஒரு நாட்டுக்கோழி. மற்ற நாளெல்லாம் கம்பும் சோளமும் களியும். காட்டில் வேலை செய்த உடம்பு அது. இன்றைக்கு? புதன்கிழமை கறிக்கோழி, வெள்ளிக்கிழமை ராத்திரி பரோட்டாவும் சால்னாவும், ஞாயிறு மட்டன், நடுவில் சாயங்காலம் தவறாமல் பேக்கரியில் பப்ஸ், தேங்காய் பன், சர்க்கரை தூக்கலாய் ஒரு டீ. பண்டிகைக்குத் தின்றதை அன்றாடம் ஆக்கிவிட்டு, அன்றாடம் தின்றதைக் கண்காட்சியில் ஸ்டால் போட்டு "சிறுதானிய உணவுத் திருவிழா" என்கிறோம்.

விளைவு என்ன? 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாட்டின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 சதவீதத்துக்குக் காரணம் தவறான சாப்பாடு என்று எழுதியிருக்கிறார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று அரசாங்கமே சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. கறி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. மைதா, சர்க்கரை, எண்ணெய், உப்பு, உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமை எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் இந்தப் பழக்கத்துக்கா அந்தப் பெண் ஒத்துப்போக வேண்டும்?

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேலே ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. முன்பு முறுக்கு போட்டு வைத்தது. இப்போது என் வீட்டுக்காரரின் மாத்திரை, மாமனாரின் மாத்திரை, என் கொலஸ்ட்ரால் மாத்திரை. அதில் மகளும் ஒரு அட்டையைப் போட்டாள்: வைட்டமின் பி12. அன்றைக்கு வீடே சிரித்தது. "பாத்தியா, மாத்திரை இல்லாம உன் சாப்பாடு நிக்கல!" உண்மைதான். செடியிலிருந்து வருகிற உணவில் நம்பும்படி பி12 கிடைக்காது. வீகன்கள் மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ எடுத்தே ஆக வேண்டும். எடுக்காமல் விட்டால் இரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரும். என் மகளிடம் இதில் நானே கறாராக இருக்கிறேன். ஆனால் சிரித்த என் வீட்டுக்காரர் எடுக்கும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின். அதை வருடக்கணக்கில் எடுத்தாலும் பி12 குறையும் என்று டாக்டர் அவருக்கும் அதே பி12 மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது அப்பாவும் மகளும் ஒரே அட்டையில் கிள்ளிக்கொள்கிறார்கள். ஒருவர் மட்டன் தின்றுவிட்டு, ஒருவர் கொள்ளு தின்றுவிட்டு.

வீகன் என்றாலே ஆரோக்கியம் என்று நான் வாதாடவும் மாட்டேன். கோயம்புத்தூர் ரோட்டுக்கடைக் காளான் இருக்கிறதே, பெயரில்தான் காளான். பாதிக்கு மேல் முட்டைக்கோசும் மைதாவும் பொரித்த எண்ணெயும். அதிலும் ஆடு மாடு எதுவும் இல்லை. என் மகளும் அதை விட்டபாடில்லை.

அப்புறம் பால். "பசுவைக் கொல்லவா செய்கிறோம், பாலை ஏன் விட வேண்டும்" என்று எதிரணி கேட்டது. டவுனில் கேட்டால் பரவாயில்லை, மாடு கட்டியிருக்கும் ஊரில் வந்து கேட்கிறீர்களே. மாடு கன்று போட்டால்தான் பால். ஜெர்சி மாடு கிடாரிக்கன்று போட்டால் வீட்டில் சிரிப்பு, காளைக்கன்று போட்டால் எல்லோர் முகமும் எப்படிப் போகிறது? அந்தக் காலத்தில் காங்கேயம் காளைக்கு ஏர் இருந்தது, வண்டி இருந்தது, கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைக்கிற வேலை இருந்தது. டிராக்டரும் மோட்டாரும் வந்த பிறகு காளைக்கன்றுக்கு என்ன வேலை? அது சந்தைக்குப் போய் அங்கிருந்து எங்கே போகிறது என்று இந்தப் பந்தலில் தெரியாதவர் யாரும் இல்லை. நான் பால் குடிக்கிறவள்தான். ஆனால் அவள் கேட்கிற கேள்வியில் பொய் இல்லை. பாதாம் பால் பற்றிப் பேசிய தங்கைக்கு ஒரே வரி: எங்கள் வீட்டில் அதை யாரும் வாங்கியதில்லை; தேங்காய்ப்பால் இருக்கிறது, கருப்பட்டி போட்ட வரக்காப்பி இருக்கிறது.

வளைவது என்றால் வீட்டில் எல்லோரும் கறியை விடுவது என்று எதிரணி பயமுறுத்துகிறது. என் மகள் அப்படிக் கேட்கவே இல்லை. குலசாமி கோயில் கிடாவெட்டுக்கு எங்களோடு வருகிறாள், பந்தியில் உட்காருகிறாள், ரசமும் சோறும் வாழைக்காயும் சாப்பிடுகிறாள். அவள் கண் கலங்கியது கிடாவைப் பார்த்து மட்டும் இல்லை. "கறிய எடுத்து வெச்சுட்டுச் சாறு மட்டும் ஊத்திக்க கண்ணு" என்பதெல்லாம் அவளுக்குப் பழகிப்போய்விட்டது. ஒரு விருந்தில் சொந்தக்காரர் ஒருவர் ஒப்புட்டில் நெய் போட்டுவிட்டு, எண்ணெய்தான் என்று சத்தியம் செய்து ஊட்டிவிட்டு, அவள் விழுங்கிய பிறகு, "இப்ப என்ன ஆயிப்போச்சு, செத்தா போயிட்ட?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். மாலை போட்டவர் தட்டில் யாராவது கறித்துண்டை ஒளித்து வைத்துவிட்டு அப்படிச் சிரிக்க முடியுமா? கை நடுங்கும். அன்றிலிருந்து அவள் சொந்தக்காரர் வீட்டில் தண்ணீர் மட்டும் குடிக்கிறாள். ஒத்துப்போகாதவள் என்று பேர் வாங்கியதும் அவள்தான்.

குடும்பம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குழம்பில் கறி போடுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் எடுத்து வைப்பது. தாளிக்கும்போது நெய்யா எண்ணெயா என்று உண்மையைச் சொல்வது. கேலியைக் குறைப்பது. முடிந்தால் வாரத்தில் இரண்டு வேளை அவள் சாப்பிடுவதையே எல்லோரும் சாப்பிடுவது. எங்கள் மாமனாருக்குப் போன மாதம் எடுத்த சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு டாக்டர், "என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார். அவர் வாயைத் திறந்து பேத்தி பெயரைச் சொல்லவில்லை, கொங்கு மண்ணின் கௌரவம் அது.

மணி அடித்துவிட்டார்கள். எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணன் போன கார்த்திகையில் மாலை போட்டிருந்தார் என்று மேடைக்குப் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவர் மைக்கைப் பிடித்ததும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்: அந்த ஒரு மண்டலமும் உங்களுக்குத் தனியாகச் சமைத்தது யார், அவரிடம் நீங்கள் ஒருநாளாவது "ரெட்டை வேலையாச்சே" என்று கேட்டீர்களா? நன்றி, வணக்கம்.