காவடிக்குப் பின்னால் ஒரு டோடோ

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "போட்டோவைப் பார்த்து வரைகிற உனக்குக் கற்பனை எதற்கு?" என்று கேட்டார். காப்பி ஆறுவதற்குள் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

தைப்பூசக் காவடி ஊர்வலம், பின்னணியில் நம் மொரிஷியஸின் கோர் தெ கார்த் மலை, கடைசிக் காவடிக்குப் பின்னால் ஒரு டோடோ நடந்து வருகிறது. இதுதான் என் படம். டோடோவை எந்தக் கேமராவும் பார்த்ததில்லை. நம் தீவில் மட்டுமே இருந்த, பறக்க முடியாத அந்தப் பறவை 17ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோய்விட்டது. அப்புறம் ஏன் காவடியில் கொண்டுவந்து சேர்த்தேன்? 1865இல் ஜார்ஜ் கிளார்க் என்ற பள்ளி ஆசிரியர் இங்கே மார் ஓ சோஞ்ச் சதுப்பு நிலத்தில் ஆட்களை இறக்கி, வெறுங்காலால் சேற்றைத் துழாவச் சொன்னார். டோடோ எலும்புகள் அப்படித்தான் கிடைத்தன. அதைப் படித்த நாள் முதல், தார்ச்சாலையில் நடக்கும் காவடிக்காரர்களின் வெறுங்கால்களைப் பார்த்தாலே எனக்கு அந்தச் சேறு நினைவுக்கு வரும்.

முதலில் போட்டோ எதையும் தொடமாட்டேன். தீப்பெட்டி அளவில் பென்சிலால் பத்துப் பதினைந்து கிறுக்கல்கள் போடுவேன். அதில் காட்சி பிடிபட்ட பிறகுதான் போட்டோ தேடுவது. முதலிலேயே போட்டோவைப் பார்த்துவிட்டால் அது சொல்வதையே கை கேட்கும்.

டோடோ உடம்புக்குப் பழைய ஓவியங்களைப் பார்த்தேன். ஐரோப்பாவில் ரோலன்ட் சாவரி வரைந்தது தின்று கொழுத்த பறவை. முகலாய அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகச் சொல்லப்படும் படத்தில் அது ஒல்லியாக, நடக்கக்கூடியதாக இருக்கிறது. எனக்கு நடக்கிற டோடோதான் வேண்டும், மன்சூர் பக்கம் சாய்ந்தேன். டோடோ புறா இனம் என்பதால் இறகுக்கு மாடிப் புறாக்கள் உதவின. கால் தோலுக்குப் பக்கத்து வீட்டுச் சேவல். அது ஒரு நிமிடம் நிற்கவில்லை.

சரி, நான் சறுக்கிய இடத்துக்கு வருகிறேன். நண்பர் ஒருவர் பழனியில் எடுத்து அனுப்பிய காவடிப் படங்களை வைத்து ஊர்வலத்தை வரைந்து முடித்துவிட்டேன். அத்தை வந்து பார்த்தார். "என்னப்பா, நட்டநடு வெயில் என்கிறாய், நிழல் இப்படி நீண்டு கிடக்கிறதே?" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. தைப்பூசச் சமயத்தில் நம் தீவில் உச்சிவேளைச் சூரியன் ஏறக்குறைய நேர் மேலே நிற்கும், நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். பழனியில் அதே நேரம் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், ஆளுயரத்தில் பாதிக்கு நிழல் விழும். நான் வரைந்திருந்தது பழனி வெயில். மூன்று வார வேலையைச் சுரண்டி எடுத்தேன்.

பிறகு களிமண்ணில் 20 சென்டிமீட்டர் டோடோ செய்து, நண்பகலில் மொட்டை மாடியில் வைத்தேன். மேலிருந்து எடுத்த போட்டோவை ஊர்வலத்தில் பொருத்தினால் பறவை வழுக்கி விழுவதுபோல் இருந்தது. கண்மட்டம் தவறு. உண்மை டோடோ சுமார் ஒரு மீட்டர், நிற்கும் ஆளின் கண் ஒன்றரை மீட்டர். அந்தக் கணக்கில் போன் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு செங்கல்லை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்தேன். கிட்டே வைத்தாலும் தொல்லைதான், அலகு பூதாகாரமாகிவிடும்; தள்ளி வைத்து ஜூம் செய்தேன்.

போன் ஒரு விஷயத்தில் பொய் சொல்லும். பொம்மையின் வயிற்றடி படத்தில் வெறும் கறுப்பாக விழுந்தது. காவடிக்காரரின் வேட்டிக்குப் பதிலாக ரோஜா நிற வேட்டி ஒன்றைப் பக்கத்தில் விரித்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன். சாம்பல் நிற வயிற்றில் மெல்லிய ரோஜா ஒளி ஏறியிருந்தது. அந்த வண்ணம் எந்தப் போட்டோவிலும் வரவில்லை, தட்டில் ஐந்தாறு முறை கலந்துதான் பிடித்தேன். வாசலில் கேட்டவருக்கு அந்த வயிற்றைத்தான் காட்டுவேன்.

படம் இன்னும் முடியவில்லை. சூடு தாங்காத கால்களுக்காகப் பெண்கள் சாலையில் வாளித் தண்ணீர் ஊற்றுவார்கள் அல்லவா, அந்த நீர் டோடோவின் விரல்களுக்கிடையே ஓட வேண்டும். இந்தத் தைப்பூசத்துக்குச் சாலையோரம் போனோடு தரையில் ஒருவன் படுத்திருந்தால் அது நான்தான். கொஞ்சம் தள்ளி ஊற்றுங்கள், அம்மா.